விளையாட்டும் உபாத்தியாயர் பயிற்சியும்

தென்னிந்தியாவின் முதல் இரயில்வண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நார்மல் பள்ளி சென்னையில் தோன்றியதும் அவ்வாண்டிலேதான். பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி எனப் புகழ்பெற்றது அதுவே. வண்டியைக் கண்ட இராயபுரத்துச் சிறுவர்கள், மறுநாளே ஒருவர் இடுப்பை ஒருவர் பற்றிக்கொண்டு, கூவென்று கத்தியபடி ஓடியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஓட்டத்திலும் கல்வி உண்டு என்ற கருத்து ஆசிரியர் பயிற்சிக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது.

ஜெர்மானியரான ஃபிரோபெல் அக்கருத்தை முன்னரே கூறியிருந்தார். 1837-இல் அவர் நிறுவிய நிலையமே பிறகு கிண்டர்கார்டன் எனப் பெயர் பெற்றது. பந்தையும் உருளையையும் மரக்கட்டைகளையும் அவர் குழந்தைகளின் கையிலே கொடுத்தார். கட்டைகள் பல நாடுகளுக்கும் எளிதாகப் பயணம் செய்தன; கருத்து அவ்வளவு எளிதாகச் செல்லவில்லை. ஆசிரியர் ஆணையிட, ஐம்பது குழந்தைகள் ஒருசேரக் கட்டை அடுக்குவதைப் பல இடங்களில் விளையாட்டு என்றே அழைத்தனர்!

நம் நகரத்திற்கு இவ்வகையில் ஒரு பேறு கிட்டியது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில், பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்தார். முந்நூறு பேர் அளவில் அவரிடம் பயிற்சி பெறத் திரண்டனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லைக்குள் இருக்கப் பணிக்கப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் நாள், அவரது எழுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு மகன் விடுவிக்கப்பட்டார். அவர்கள் ஐரோப்பாவுக்குத் திரும்பியது 1946-இல்.

அடையாறு அமைதியான சோலை. ஆனால் 1907-இல் அம்மையார் தம் முதற் பள்ளியைத் தொடங்கிய உரோமாபுரியின் சான் லோரென்சோ, நம் தண்டையார்பேட்டையையும் திருவொற்றியூரையும் போன்று உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். குழந்தை ஒன்றில் ஆழ்ந்திருக்கையில் குறுக்கிடாதிருத்தலே ஆசிரியரின் கடமை என்று அவர் போதித்தார். பாவனை விளையாட்டில் அவருக்கு அத்துணை ஈடுபாடு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதில் நான் அம்மையாரோடு உடன்படேன்.

காரணம், வடசென்னைப் பள்ளிகளில் நான் கண்டவை. காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் வேப்பிலையை நெத்திலியாகவும், செங்கல் துண்டை வஞ்சிரமாகவும் வைத்து ஏலம் விடுவார்கள். ஒருத்தி கூடைக்கு விலை சொல்வாள், மற்றவர் ஏற்றுவர், கடன் கேட்பவனும் ஒருவன் இருப்பான். கூட்டலும் கழித்தலும் பேச்சுத் திறமும் அங்கே தாமே நடந்தன. ஒருநாள் இளம் உபாத்தியாயர் ஒருவர் நல்லெண்ணத்தோடு உள்ளே புகுந்து, "பத்து மீனில் நான்கு போனால் மீதி எத்தனை?" என்றார். பிள்ளைகள் எழுந்து நின்று, "ஆறு, சார்" என்றனர். விளையாட்டு அத்துடன் முடிந்தது. அவரைக் குறை கூறேன். கேள்வி கேட்கத்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆணையராக விளங்கிய எம்.பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் உருவான கற்றல் அட்டைகளே அதற்கு முன்மாதிரி. அடுத்த ஆண்டே மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவி, 2007-இல் மாநிலம் முழுவதையும் எட்டியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று கரும்பலகை வந்தது. அவர்கள் வரைந்த படங்கள் கம்பிப் பந்தலில் ஆடின. இது சிறிய மாற்றம் அன்று. ஆயினும் ஏணிப்படியில் எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைப் பெரியவர்களே வகுத்திருந்தனர். குழந்தையின் வேகம் அதன் கையில் இருந்தது, வழி இல்லை.

2019 ஜனவரியில், அரசுப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, தொடக்க வகுப்புகளுக்கெனப் பயின்ற இடைநிலை ஆசிரியர்களே அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர், எண்ணூர்ப் பக்கம் சென்றவர், "மணி அடித்தவுடன் எந்தப் பாடத்தை எடுப்பது, ஐயா?" என்று என்னை வினவினார். "முதல் வாரம் எதையும் எடுக்க வேண்டாம், அம்மா, அவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். அவர் கொண்டுவந்த நோட்டில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர், தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் வரிசை, கப்பலை இழுக்கும் படகு என்று நான்கு பக்கங்கள் நிறைந்திருந்தன.