கயிறு பிடித்த கைகள் தந்த கணிதம்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, கணக்கு வாத்தியாருக்கு எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நம் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான்.

ஆறாம் ஆண்டுவரை நம்மிடம் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போய் முதலாம் படிவத்தில் ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் மாலை சைக்கிளைப் பள்ளி வாசலில் சாய்த்துவிட்டு வந்து நின்றான். கையில் சோதனைத் தாள். வடிவக் கணிதத்தில் நாற்பதுக்கு ஆறு.

“சார், நான் படிப்பை நிறுத்திடப் போறேன். இந்த முக்கோணம், கோணமெல்லாம் நமக்கு வராது சார். டவுன் பிள்ளைங்களுக்குத்தான் வரும்” என்றான்.

“எனக்கு வராது” என்று அவன் சொல்லவில்லை. “நமக்கு வராது” என்றான். அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனென்றால் அவன் வயதில் நானும் அதையே சொன்னவன். ஆகவே, வடிவக் கணிதம் யாருக்கு வந்தது, எப்படி வந்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம், வாருங்கள்.

நைல் நதிக்கரையிலே

எகிப்து நாட்டில் நைல் நதி ஆண்டுதோறும் கரைபுரண்டு ஓடும். வெள்ளம் வடியும்போது வயல்களின் வரப்பும் எல்லையும் அழிந்து போகும். யார் நிலம் எவ்வளவு, யார் எவ்வளவு வரி கட்டுவது என்று மறுபடியும் அளந்தாக வேண்டும். இப்படி நிலம் அளந்ததிலிருந்துதான் இந்தக் கணிதம் பிறந்தது என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். ‘ஜியோமெட்ரி’ என்ற சொல்லுக்கே ‘நிலம் அளத்தல்’ என்றுதான் பொருள்.

அளந்தவர்கள் யார்? மன்னர்களா? இல்லை. கயிறு பிடித்த வேலையாட்கள். கி.மு. 1400ஐ ஒட்டி எகிப்தில் மென்னா என்று ஒருவர் இருந்தார். வயல் கணக்குகளைப் பார்த்த அதிகாரி. நம்ம ஊர் கிராணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவருடைய கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. முடிச்சுப் போட்ட கயிற்றை ஆட்கள் இழுத்துப் பிடித்து வயலை அளக்கிறார்கள். இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கி.மு. 1550ஐ ஒட்டி ஆமோஸ் என்ற எழுத்தர் நாணல் தாளில் படியெடுத்த கணக்கு நூல் ஒன்று இன்றும் இருக்கிறது. வட்டத்தின் பரப்பளவு காண அதில் எளிய வழி உண்டு. விட்டத்தை ஒன்பது பங்காக்கி, எட்டுப் பங்கை எடுத்து, அந்த அளவில் ஒரு சதுரம் போடு என்கிறது. விட்டம் 9 என்றால் பரப்பு 64 வரும். இன்றைய முறையில் போட்டால் ஏறக்குறைய 63.6. எவ்வளவு நெருக்கம் பாருங்கள்!

களிமண் வில்லையும் வேள்விக் கயிறும்

பாபிலோன் பக்கம் போவோம். ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்திய களிமண் வில்லை ஒன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதில் ஒரு சதுரம், அதன் மூலைவிட்டம், சில எண்கள். ஒரு பக்கம் 1 என்றால் மூலைவிட்டம் எவ்வளவு என்பதை ஐந்து தசம இடம்வரை சரியாகக் காட்டுகிறது. அதை எழுதியது ஒரு மாணவனாக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆம், உங்களைப் போல் பாடம் செய்த ஒரு பிள்ளை!

இந்தியாவில் கி.மு. 800க்கும் 500க்கும் இடையில் ‘சுல்ப சூத்திரங்கள்’ தோன்றின. ‘சுல்பம்’ என்றால் கயிறு. வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்கக் கயிறு கட்டி அளந்த முறைகள் அவை. செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மேல் எழுப்பும் சதுரம், இரண்டு பக்கங்களின்மேல் எழுப்பும் சதுரங்களைச் சேர்த்ததற்குச் சமம் என்று பௌதாயனர் சொல்லியிருக்கிறார். பிதாகரஸ் தேற்றம் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதுதான் இது.

யூக்ளிட் வந்தார்

இப்படிக் கையால் கண்டவற்றையெல்லாம் ‘ஏன்?’ என்று கேட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவர் யூக்ளிட். கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர். அவர் எழுதிய ‘மூலங்கள்’ 13 பாகங்கள் கொண்டது. இதைப் படிக்கச் சுருக்கு வழி உண்டா என்று மன்னர் தாலமி கேட்டாராம். மன்னருக்கென்று தனிப் பாதை இல்லை என்றாராம் யூக்ளிட். அப்படியானால் துரை வீட்டுப் பிள்ளைக்கும் லயத்து வீட்டுப் பிள்ளைக்கும் பாதை ஒன்றேதான்!

ஆனால், பின்னாளில் ஒரு கோளாறு நேர்ந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் யூக்ளிட்டின் நூலைப் பிள்ளைகள் வரிக்கு வரி மனப்பாடம் செய்தார்கள். கயிறும் போயிற்று, வயலும் போயிற்று. இதை மாற்ற 1871இல் ஆசிரியர்கள் அங்கே ஒரு சங்கமே அமைத்தார்கள். 1901இல் கிளாஸ்கோ மாநாட்டில் பொறியியல் பேராசிரியர் ஜான் பெரி, அளந்தும் வரைந்தும் செய்து பார்த்தும் கற்பிக்க வேண்டும் என்று வாதாடினார்.

1957இல் ஹாலந்து நாட்டுப் பள்ளி ஆசிரியர்களான பியர் வான் ஹீல, டீனா வான் ஹீல தம்பதியர் இதன் காரணத்தையே விளக்கினார்கள். பிள்ளையின் அறிவு படிப்படியாக ஏறுகிறது என்றார்கள். முதற்படியில் பிள்ளை உருவத்தை மட்டும் பார்க்கிறது. சதுரத்தைச் சாய்த்து வைத்தால் ‘இது சதுரம் இல்லை, பட்டம்’ என்கும். இரண்டாம் படியில் நான்கு பக்கமும் சமம், நான்கும் செங்கோணம் என்று குணங்களைக் காணும். மூன்றாம் படியில், சதுரமும் ஒரு வகைச் செவ்வகம்தான் என்று உறவு புரியும். அதற்கும் மேலேதான் நிறுவுதல் வரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு மொழி உண்டு. ஆசிரியர் மேற்படியில் நின்று பேச, மாணவன் கீழ்ப்படியில் நின்று கேட்டால் எப்படி விளங்கும்?

நம் பிள்ளைகளுக்கோ இன்னொரு சுமையும் உண்டு. இங்கே ‘செங்கோணம்’ என்று படித்தவன் அங்கே ‘சூடுட் தெகாக்’ என்று கேட்கிறான். ‘முக்கோணம்’ அங்கே ‘செகி தீகா’ ஆகிவிடுகிறது. படியும் புதிது, மொழியும் புதிது. தடுமாறுகிறவன் மக்கு அல்லன். அவனுக்குப் படி ஏறக் கைகொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பெரட்டுக் களத்தில் ஒரு பாடம்

பையனிடம் வருவோம். மறுநாள் மாலை அவனையும் அவன் அப்பாவையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னேன். சணல் கயிற்றில் பன்னிரண்டு சம பங்கு வரும்படி முடிச்சுப் போட்டு வட்டமாகக் கட்டினோம். 3 பங்கு, 4 பங்கு, 5 பங்கு என்று மூன்று மூலையில் மூவரும் இழுத்துப் பிடித்தோம். மூன்றும் நான்கும் சேர்ந்த மூலையில் செங்கோணம் வந்து நின்றது. பையன் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.

அவன் அப்பா சிரித்தார். “இது மாதிரி நாங்களும் செய்வோம் சார். செம்பனை நடுறப்போ, முப்பது முப்பது அடியா மூணு பக்கம் வர்ற கம்பி. ரெண்டு மூலைய ஊனின குச்சியில மாட்டி, மூணாவதை இழுத்தா எங்க நிக்குதோ அங்க அடுத்த குச்சி. இதுக்குப் பேரு கணக்கா சார்?”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ‘மூலங்கள்’ நூலின் முதல் பாகத்தில் முதல் கணக்கு எது தெரியுமா? கொடுத்த கோட்டின்மேல் சமபக்க முக்கோணம் அமைப்பது! கோட்டின் இரு முனையிலிருந்தும் ஒரே அளவில் வட்டம் போட்டு, அவை வெட்டும் இடத்தை மூன்றாம் மூலை ஆக்குகிறார் யூக்ளிட். இவர் கம்பியால் செய்ததும் அதுதானே!

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முப்பது அடி என்பது ஏறக்குறைய 9 மீட்டர். சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டரில் 123 மரம். முக்கோணமாக நட்டால், அதே 9 மீட்டர் இடைவெளியில் 142 மரம். “அதான் துரை முக்கோணமா நடச் சொன்னாரா!” என்றார் அப்பா. இத்தனை வருடம் செய்த வேலையின் காரணம் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பையன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அவன் படிப்பை நிறுத்தவில்லை. அடுத்த சோதனையில் நாற்பதுக்கு இருபத்து மூன்று. பெரிய மதிப்பெண் இல்லைதான். ஆனால், ‘நமக்கு வராது’ என்ற பேச்சு நின்றுவிட்டது.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதப் படிக்கத் தெரியாதே, பிள்ளைக்கு என்ன சொல்லித் தர முடியும் என்று ஒதுங்காதீர்கள். பால் மரத்தில் கோடு சாய்வது ஏறக்குறைய 30 பாகை. அந்தச் சாய்வு உங்கள் கைக்குத் தெரியும். வாசலில் அம்மா போடும் கோலத்தில் சமச்சீர் இருக்கிறது. அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “இது ஏன் இப்படி?” என்று கேளுங்கள். விடையைப் பிள்ளை பள்ளியில் தேடிக்கொள்ளும்.

மாணவச் செல்வங்களே, இந்தக் கணிதம் கயிறு பிடித்த கைகளில் பிறந்தது. உங்கள் வீட்டிலும் அந்தக் கைகள் இருக்கின்றன. இனி யாராவது ‘நமக்கு வராது’ என்றால், நம்மிடமிருந்துதான் வந்தது என்று சொல்லுங்கள்.