புல்மோட்டை மணலும் மைக்ரோவேவ் சூடும்

திருகோணமலை மாவட்டம் புல்மோட்டையின் கறுப்பு மணலில் இல்மனைற், ரூட்டைலுடன் சிர்க்கோனும் உண்டு. 1997 செப்ரெம்பரில் தாக்கப்பட்ட 'கோர்டியாலிற்றி' கப்பல் இங்கே கனிய மணல் ஏற்ற வந்ததுதான். போர் முடிந்தும் மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது.

சிர்க்கோனை எரிசோடாவுடன் ஏறத்தாழ 600 பாகை செல்சியசில் சூடாக்கி, நீராலும் அமிலத்தாலும் பிரித்து, கிடைப்பதை மீண்டும் சுட்டால் சிர்க்கோனியா என்ற பீங்கான் தூள் வரும். பல்லுக்குப் போடும் வெள்ளை உறை இதில்தான். சாதாரண உலையில் வெப்பம் வெளியிலிருந்து மெல்ல உள்ளே போகும். மணிக்கணக்கில் வெந்தால் துகள்கள் ஒட்டிப் பருக்கும். மைக்ரோவேவில் பொருளே அலையை உறிஞ்சிச் சூடாவதால் நேரம் குறையும், தூளும் நுண்மையாக இருக்கும். குளிர்ந்த சிர்க்கோனியா அலையை அவ்வளவாக உறிஞ்சாது. சிலிக்கன் காபைட்டைச் சுற்றிவைத்து முதலில் சூடேற்றுவார்கள்.

இந்த வேலை புல்மோட்டைக்கே வரவேண்டும் என்பேன். ஆனால் அமிலக் கழிவு எங்கே போகும் என்று மீனவர்களுக்கு முதலில் சொல்லவேண்டும்.