புகாரும் பொறுப்பும்: சக மாணவர் துன்புறுத்தலில் பள்ளித் தலைமையின் கடமை

மாணவரை மாணவர் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. ராகிங் தடைச் சட்டம் என்று அறியப்படும் அதைக் கல்லூரிச் சட்டமாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள். அது பிறந்த சூழல் தந்த எண்ணம் இது. 1996 நவம்பரில் அண்ணாமலை நகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மூத்த மாணவர் ஒருவருக்குக் கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998இல் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. சட்டம் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. கொலை நடந்த சில வாரங்களில் அவசரச் சட்டமும், மறு ஆண்டு நிரந்தரச் சட்டமும் வந்துவிட்டன.

அண்ணாமலை நகர் இருக்கும் கடலூர் மாவட்டத்தில்தான் கம்மாபுரமும் இருக்கிறது. கம்மாபுரம் ஒன்றியத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தினமும் டவுன் பஸ்ஸில் நான்கு பேர் பட்டப்பெயர் சொல்லிச் சீண்டுகிறார்கள், பையைப் பிடுங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘சின்னப் பசங்க, விளையாட்டு’ என்பார்கள். அந்தச் சட்டம் யார் நினைவுக்கும் வராது.

சட்டத்தின் வாசகம் வேறு சொல்கிறது. உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு தருகிற, அச்சமோ வெட்கமோ உண்டாக்குகிற செயல் அனைத்தையும் அது ராகிங் என்கிறது. கேலியும் வசையும் அதில் அடக்கம். பாதுகாக்கப்படுபவர் ‘எந்தவொரு கல்வி நிறுவனத்திலும்’ படிக்கும் மாணவர். பள்ளியை விலக்கும் சொல் ஒன்றும் அங்கில்லை. 3ஆம் பிரிவு நிறுவனத்துக்கு உள்ளே நடப்பதையும் வெளியே நடப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. ஆகவே, ‘அது பஸ்ஸில் நடந்தது, பள்ளிக்குச் சம்பந்தமில்லை’ என்ற வழக்கமான பதில் சட்டப்படி செல்லாது. மாணவர் புகார் சொன்னால் தலைமை உடனே விசாரிக்க வேண்டும், உண்மையென்று கண்டால் துன்புறுத்தியவரை இடைநீக்கம் செய்ய வேண்டும் என்பது 6ஆம் பிரிவு. அதைச் செய்யத் தவறிய தலைவரோ நிர்வாகியோ குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார் என்பது 7ஆம் பிரிவு. அவருக்கும் அதே தண்டனை: இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். இதைத் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் தலைமையாசிரியர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

பள்ளிக்கும் இது பொருந்தும் என்பது என் வாதத்தின் முதல் பாதி. அப்படியே பொருத்தக் கூடாது என்பது மறுபாதி. 5ஆம் பிரிவின்படி தண்டனை பெற்ற மாணவர் நீக்கப்படுவார். வேறு எந்த நிறுவனத்திலும் சேர முடியாது. இருபது வயது மருத்துவ மாணவரை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. பதின்மூன்று வயதுச் சிறுவனிடம் இது நிற்காது. தொடக்கக் கல்வி (எட்டாம் வகுப்பு) முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, இத்தகைய சிறு குற்றத்துக்காகக் குழந்தைக்கு வருங்காலத் தகுதியிழப்பு எதுவும் ஏற்படலாகாது என்கிறது. நாடாளுமன்றம் பின்னர் இயற்றிய இவ்விரு சட்டங்களுக்கும் முன்னால் மாநிலச் சட்டத்தின் நீக்கல் விதி குழந்தைகள் அளவில் வழிவிட்டாக வேண்டும். 7ஆம் பிரிவுக்கு அந்தத் தடை இல்லை. அது பெரியவரைப் பார்த்துப் பேசுகிறது. குழந்தையை நோக்கிய முனை மழுங்கலாம், தலைமையை நோக்கிய முனை மழுங்கக் கூடாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிறை என்று பயமுறுத்தினால் தலைமையாசிரியர் செயல்படமாட்டார், புகாரே வராமல் பார்த்துக்கொள்வார். ‘எழுதிக் கொடுக்காதே, நான் பேசிக்கிறேன்’ என்பார். இரு வீட்டாரையும் வரவழைத்து ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிச் சமாதானம் செய்வார். அதுவும் முடியாதபோது, துன்பப்பட்ட பிள்ளைக்கே டி.சி. கொடுத்து வேறு பள்ளி பார்க்கச் சொல்வார். உள்ளபடியே நடப்பது இதுதான். மறுப்பு சரியான இடத்தைத் தொடுகிறது. கோளாறு தண்டனையில் இல்லை, கடமை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. புகார் என்ற ஒன்று வந்தபின்தான் 6ஆம் பிரிவு விழித்துக்கொள்கிறது. புகார் கொடுத்த பிள்ளைக்கு அன்று மாலை என்ன ஆகும் என்பதைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

நாங்குநேரி அதைக் காட்டியது. வள்ளியூர்ப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவர் சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் வகுப்புக்கு வராமலிருந்தார். பள்ளி அவர் தாயைத் தொடர்புகொண்டது. மாணவர் வந்தார், நடந்ததைச் சொன்னார், புகார் எழுத்தில் பதிவானது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்பார்க்கிற முதல் படி அங்கே நடந்தே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, அதே பள்ளி மாணவர்கள் நாங்குநேரியில் அவர் வீடு தேடி வந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். புகார் கொடுத்ததே பழிக்குக் காரணமாயிற்று. சாதி ஊருக்குள் ஊறிக் கிடக்கும் இடத்தில், ஒரு பிள்ளை வாய் திறக்கிற நாள்தான் அந்தப் பிள்ளைக்கு மிக ஆபத்தான நாள். அந்த நாளில் பள்ளியின் கடமை பதிவேட்டில் கையெழுத்தோடு முடிவதில்லை. வீட்டுக்குப் பாதுகாப்பாகப் போய்ச் சேர்வது, யார் பெயர் யாருக்குத் தெரியலாம், துன்புறுத்தியவரின் பெற்றோரிடம் எப்போது, எவர் பேசுவது ஆகிய அனைத்தும் அதற்குள் வரும்.

இந்தக் கடமைக்கு அரசமைப்பு அடித்தளமும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டதை அடுத்து எழுந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியது. வழக்கு தீயணைப்புக் கருவி, கட்டட உறுதி பற்றியதுதான். ஆனால் கூரையைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு உள்ள உரிமை, பக்கத்து பெஞ்சைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு இல்லை என்று சொல்ல நியாயம் ஏதுமில்லை. ஓட்டை விழுந்த கூரையைச் சரிசெய்ய யாரும் குழந்தையின் எழுத்துப் புகாருக்குக் காத்திருப்பதில்லை அல்லவா?

நார்வே தன் கல்விச் சட்டத்தை 2017இல் இந்தத் திசையில்தான் மாற்றியது. பள்ளியில் பணிபுரியும் எவருக்கேனும் சந்தேகம் தோன்றினாலே கண்காணிக்கவும், தலையிடவும், தலைமைக்குத் தெரிவிக்கவும் கடமை பிறக்கிறது; மாணவர் கேட்க வேண்டியதில்லை. நம்மிடம் இதற்குக் கருவிகள் இல்லாமலில்லை. 14417 என்ற உதவி எண் இருக்கிறது, ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது, மத்திய வாரியப் பள்ளிகளுக்கு 2015ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொன்ன குழு இருக்கிறது. எல்லாமே குழந்தை முதலில் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பவை.

கம்மாபுரம் போன்ற ஊரில் அது எளிதல்ல. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர், கொடுக்க மறுத்து நிற்பவர், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, ஊர்த் தெரு, காலனித் தெரு ஆகிய பிரிவுகள் பெரியவர்களிடம் கூர்மையாக இருக்கையில் பிள்ளைகளிடம் அவை பள்ளி வாசலோடு நின்றுவிடும் என்று நம்ப வழியில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நல்ல விதிதான். ஆனால் பெற்றோர் குழு ஊரின் அதிகார வரிசையை அப்படியே உள்ளே கொண்டுவரவும் கூடும். துன்புறுத்தியவனின் மாமா உறுப்பினராக இருக்கும் குழுவின் முன்னால் எந்தப் பிள்ளை பேசும்? சாதி சார்ந்த புகார்கள் குழுவுக்கு வெளியே விசாரிக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

நாங்குநேரிக்குப் பின் அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை ஆகிய பரிந்துரைகள்தான் பெரும் விவாதமாயின. எனக்கு முக்கியமாகப்படுவது பள்ளி நல அலுவலர் பற்றிய பரிந்துரை. புகாரைக் கேட்பவர் தலைமையாசிரியருக்குக் கட்டுப்பட்ட ஆசிரியராக இல்லாமல் தனியொருவராக இருப்பார் என்பது அதன் வலிமை. அதன் குறை, ஐந்நூறுக்கு மேல் மாணவர் உள்ள பள்ளிகளுக்கு மட்டுமே அவர் உண்டு என்பது. கிராமத்து நடுநிலைப் பள்ளி எதிலும் அவ்வளவு பேர் எளிதில் தேறமாட்டார்கள். பட்டப்பெயரும் பை பிடுங்கலும் தொடங்குவது அங்கேதான். பிளஸ் டூ வகுப்புக்கு வரும்போது அவை முற்றிய நிலையில் வருகின்றன. ஒன்றியத்துக்கு ஒருவரென நல அலுவலரை அமர்த்திச் சிறிய பள்ளிகளை அவர் பொறுப்பில் விட்டால், அந்தப் பள்ளிகளின் தலைமையாசிரியர் மீது 7ஆம் பிரிவைச் செலுத்துவதிலும் நியாயம் இருக்கும். கண்டதையும் கேட்டதையும் ஒரே நாளில் அவருக்குத் தெரிவித்தாரா, பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன செய்தார் என்ற இரண்டு கேள்விகளே அப்போது போதும்.