தலை பார்த்த கூட்டம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சீட்டாட்டமோ பொடியோ அல்ல. கொலைக் கேஸ் படிப்பது. காலையில் பத்திரிகை வந்ததும் மந்திரிகள் என்ன பேசினார்கள் என்று பார்க்காமல், எந்த ஊர்க் கிணற்றில் என்ன மிதந்தது என்று தேடும் ஆசாமிகள் சிலர் உண்டல்லவா? நான் அந்த ரகம். பேய்ப் படமோ கொலைப் படமோ என்றால் பசி தூக்கம் இல்லை. 1967இல் வந்த 'அதே கண்கள்' படத்தைச் சிறு வயதில் டெலிவிஷனில் பார்த்தபோது, ஜமுக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதிலிருந்த ஓட்டை வழியாகக் கண் கொட்டாமல் பார்த்தேன். பயம் வேண்டும், ஆனால் நமக்கும் அதற்கும் நடுவே ஒரு ஜமுக்காளமும் வேண்டும்.

இது என் பாட்டி எனக்கு வைத்துவிட்டுப் போன சொத்து. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டுத் திண்ணையில், ராத்திரி கை நிறையச் சாதம் பிசைந்து போட்டுக்கொண்டே அவள் சொன்ன கதைகளில் ராஜகுமாரிகள் கொஞ்சம், கொலைகள் அதிகம். அவற்றுள் முதல் இடம் 1952இல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்குக்கு.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஆளவந்தார் என்றால் ராமாநுஜருக்கு முன்னவரான ஆசாரியர். அவருடைய திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன என்றும், ராமாநுஜர் மூன்று பிரதிக்ஞைகள் செய்ததும் அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்றும் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். அந்தத் திருநாமத்தைக் கொலையோடு சேர்த்துச் சொல்லலாமா?

"ஆளவந்தார் தலைன்னு வாயால சொல்லாதேடா, ஆசார்யன் பேரு அது. 'அந்தக் கேஸ்'னு சொல்லு, போறும்" என்பாள் பாட்டி. சொல்லிவிட்டு அந்தக் கேஸை ஆதியோடந்தமாகச் சொல்வாள்.

சென்னையில் பேனா, பிளாஸ்டிக் சாமான் வியாபாரம் செய்துவந்த அந்த மனிதர் 1952 ஆகஸ்டு 28ஆம் தேதி காணாமற் போனார். மறுநாள், ராமேசுவரம் பக்கம் போகும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாற்றமெடுத்தது. மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை சென்னையில், ராயபுரம் கடற்கரை மணலில் அகப்பட்டது. ஒரு தம்பதி கைதானார்கள். மறு வருஷம் ஹைக்கோர்ட்டில் நீதிபதி பஞ்சாபகேச ஐயர் முன்னால் விசாரணை நடந்தது. கணவனுக்கு ஏழு வருஷம், மனைவிக்கு மூன்று வருஷம் தண்டனை. விசாரணை நாட்களில் கோர்ட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லையாம். பத்திரிகைகள் வந்த வேகத்தில் விற்றுப் போயினவாம்.

பெட்டி ஏறிய வண்டி திருச்சி ஜங்ஷன் வழியாகத்தான் போயிற்று. அன்றைக்கு அதே பிளாட்பாரத்தில் நின்று காப்பி குடித்தவர்களில் எங்கள் பெரியப்பாவும் ஒருவர் என்று பாட்டி சாதிப்பாள். பெரியப்பா மறுத்ததே இல்லை. வருஷம் ஆக ஆக, "ஏதோ ஒரு மாதிரி நாற்றம் வந்தது, நான்தான் கவனிக்கவில்லை" என்றுகூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கதை முடிந்ததும் பாட்டி ஒரு பெருமூச்சு விட்டுச் சொல்வாள்: "பட்டணத்துல நடக்கும். நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காது. பெருமாள் இருக்கார்."

பல வருஷம் அதை நம்பியிருந்தேன். பிறகு கம்பெனி உத்தியோகஸ்தரும் கிளைவின் நண்பருமான ராபர்ட் ஆர்ம் எழுதிய யுத்த சரித்திரம் கைக்கு வந்தது. அதன் முதல் பாகம் 1763இல் வெளியாயிற்று. அதைப் படித்தபோதுதான் தெரிந்தது: ஆளவந்தார் வழக்குக்குச் சரியாக இருநூறு வருஷம் முன்னால், 1752இல், எங்கள் ஸ்ரீரங்கத்துத் தீவிலேயே ஒரு தலை அறுபட்டிருக்கிறது. அதுவும் பெட்டியில் ஏறியிருக்கிறது.

அந்தத் தலை சந்தா சாகிபுடையது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் சந்தா சாகிப். இங்கிலீஷ்காரர்கள் பக்கம் முகம்மது அலி. 1749இல் ஆம்பூர்ச் சண்டையில் தகப்பனாரைப் பறிகொடுத்த முகம்மது அலி, ஓடிவந்து திருச்சிக் கோட்டைக்குள் ஒடுங்கினார். 1751இல் சந்தா சாகிப் கோட்டையை வளைத்துக்கொண்டார். அவர் கவனத்தைத் திருப்பத்தான் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தது. மறு வருஷம் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர, பிரெஞ்சுத் தளபதி லா மிரண்டுபோய்க் காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் பின்வாங்கினார். கிளைவ் வடகரையில் சமயபுரத்தைப் பிடித்துப் பாண்டிச்சேரி வழியை அடைத்தார். தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம், இரண்டு கரையிலும் சத்துரு. தீவே சிறையாகிவிட்டது.

இந்த இடத்தில் ஓர் அழகான காட்சியையும் ஆர்ம் சொல்கிறார். பிரெஞ்சுப் படை சரணடைந்த பிறகும், ரங்கநாதர் கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் வெளியே வர மறுத்துவிட்டார்களாம். மூன்றாம் மதிலைத் தாண்டி எவன் காலை வைத்தாலும் வெட்டிப் போடுவோம் என்றார்களாம். ஜயித்தவர்கள் அதைக் கேட்டு மெச்சி, உள்ளே போகாமல் விட்டுவிட்டார்கள். பெருமாள் இருக்கிறார் என்று பாட்டி சொன்னது மூன்றாம் மதிலுக்குள் மட்டும் உண்மை.

மதிலுக்கு வெளியே நடந்தது வேறு. சரணடைவதற்குச் சற்று முன்னால், தப்பிப் போக வழி தேடிய சந்தா சாகிப், எதிர்ப்பக்கத்தில் தஞ்சாவூர்ப் படைத்தலைவர் மானோஜியோடு ரகசியமாகப் பேரம் பேசினார். பணம் கைமாறிற்று. பத்திரமாக அனுப்பிவைப்பதாக மானோஜி தம் கத்தியின் மேல் ஆணையிட்டார். சொன்ன இடத்துக்குச் சந்தா சாகிப் போனார். பல்லக்குக் காத்திருக்கவில்லை, விலங்கு காத்திருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது சண்டை, கைதி யாருக்கு என்று. முகம்மது அலி கேட்டார். மைசூர் நஞ்சராஜர் கேட்டார். மராட்டிய முராரி ராவ் கேட்டார். எங்களிடமே இருக்கட்டும் என்றார் லாரன்ஸ். பேச்சு முடிவுக்கு வரவில்லை. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்கள் பகை என்று கண்ட மானோஜி, ஒருவருக்கும் இல்லாமல் செய்துவிடத் தீர்மானித்தார்.

சந்தா சாகிப் அப்போது வயோதிகர். வியாதியில் எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தார். உள்ளே வந்த பட்டாணியனைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். மானோஜியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், முக்கியமான சமாசாரம் ஒன்று சொல்ல வேண்டும் என்று கேட்டார். வந்தவன் காதில் அது ஏறவில்லை. நெஞ்சில் குத்தினான், தலையை அறுத்தான்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும். அந்த வேண்டுகோள் வெளியே எப்படித் தெரிந்தது? காவற்காரர்கள் கேட்டிராவிட்டால், கேட்டவன் ஒருவன்தான். கொன்றவனே வந்து சொல்லியிருக்க வேண்டும். "ஏதோ சொல்ல வேண்டும் என்றான், நான் நிற்கவில்லை" என்று அவன் பெருமையாகச் சொன்னானா, உறக்கம் வராமல் சொன்னானா? எதுவானாலும் அந்த ஒரு வாக்கியம் இருநூற்றெழுபது வருஷத்துக்கு மேல் தாண்டி வந்திருக்கிறது. சொல்ல வந்த சமாசாரம் மட்டும் வரவில்லை.

தலை முகம்மது அலிக்குப் போயிற்று. எந்த மனிதருக்குப் பயந்து கோட்டைக்குள் உறக்கமில்லாமல் கிடந்தாரோ, அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாராம். பிறகு தலையை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டித் திருச்சிக் கோட்டை மதிலைச் சுற்றி ஐந்து தரம் ஊர்வலம் விட்டார்கள். லட்சம் பேர் பார்த்தார்கள், வாய்க்கு வந்தபடி வைதார்கள் என்கிறார் ஆர்ம். லட்சம் கொஞ்சம் தாராளமான கணக்காக இருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் ஐம்பதினாயிரம். முடிவில் தலையைப் பெட்டியில் பத்திரமாகக் கட்டி, டில்லி பாதுஷாவுக்குக் காட்டக் கொண்டுபோவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அது கர்நாடக ராஜ்யத்தைத் தாண்டியிராது என்பது ஆர்ம் அபிப்பிராயம். மைசூர்ச் சரித்திரம் எழுதிய வில்க்ஸோ, அதை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலில் மூன்று நாள் தொங்கவிட்டதாகச் சொல்கிறார். அந்தியரங்கத்தில் அறுத்த தலையை ஆதிரங்கத்தில் கட்டினார்கள் என்றால், காவேரிக்கு எவ்வளவு தூரம் தெரிந்த தலை அது!

இதற்குப் பொருத்தமாக இன்னொரு கதையும் உண்டு. மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி ராணி மீனாட்சி திருச்சியில் ஆண்டபோது, சந்தா சாகிப் 1736இல் குரான் மேல் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு அவளைச் சிறைவைத்தார். அவள் விஷம் குடித்து மாண்டாள். துணிக்குள் இருந்தது குரான் அல்ல, செங்கல் என்பார்கள். அந்தச் சத்தியம் நடந்த தளவாய் மண்டபத்திலேயே பதினாறு வருஷம் கழித்து அவர் தலை விழுந்ததாம். நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். ஆனால் ஜனங்களுக்கு இது தேவையாயிருந்தது. கிழவனின் தலையை வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு, "அவன் பண்ணின பாவம்" என்று ஒரு சமாதானம் வேண்டாமா?

இப்போது அந்தக் கோட்டை மதில் இல்லை. மெயின்கார்டு கேட் மட்டும் மிச்சம். மதில் இருந்த இடத்தில் இங்கிலீஷ்காரர்கள் ரோடு போட்டு 'புலிவார்டு' என்று அவர்கள் பாஷையில் பேர் வைத்தார்கள். மேலப்புலிவார்டு ரோட்டில் ஒரு காலத்தில் புலி இருந்தது என்று நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புலி இல்லை, ஒட்டகம்தான் போயிருக்கிறது.

லட்சம் பேரைப் பழிக்க எனக்கு யோக்கியதை உண்டா? பாரிஸ் நகரத்தில் அடையாளம் தெரியாத பிணங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்திவைத்திருந்த கிடங்கில், 1907இல் பொதுஜனங்களுக்கு அதை மூடும் வரையில், குழந்தை குட்டிகளோடு வேடிக்கை பார்க்கப் போனார்களாம். அவ்வளவு தூரம் போவானேன்? அம்மா மண்டபம் போதும்.

எனக்குப் பதினோரு வயது. ஆடிப் பெருக்குக்குப் பிற்பாடு ஒரு நாள், படித்துறையில் பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஓடினேன். பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போனேன். முகத்தை நன்றாகப் பார்த்தேன். அடுத்த ஒரு மாதத்துக்கு வகுப்பில் நான்தான் ராஜா. உதடு எப்படி இருந்தது, விரல் எப்படி இருந்தது என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துப் பாட்டி கேட்டாள்: "ஏண்டா, அந்தப் பஞ்சுமிட்டாய்க்காரன்னா போயிட்டானாமே? நீ பாத்தியோன்னோ?"

தினந்தோறும் சாயங்காலம் மணி அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருகிற மனிதர். "என்ன தம்பி, பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று கேட்காமல் மிட்டாய் கொடுக்கமாட்டார். மணிச் சத்தம் நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. முகத்தைப் பார்க்கத்தான் ஓடினேன். பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பார்த்தது ஒரு பிணத்தை.

போன மாதம் மதுரை ரோட்டில் நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். சந்தா சாகிபின் உடல் அங்கேதான் அடங்கியிருக்கிறது. 1795இல் சென்னையில் காலமான முகம்மது அலியையும் அங்கேயே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் உயிரோடு பார்க்காத இரண்டு பேரும் ஒரே வளாகத்தில்.

வாசலில் இருந்த பெரியவர் ஒருவர், "எங்கேருந்து வர்றீங்க? யாரைப் பார்க்கணும்?" என்று விசாரித்தார். சந்தா சாகிப் என்றேன்.

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? ஓதிட்டுப் போங்க" என்றார்.

எனக்கு ஓதத் தெரியாது. சற்று நேரம் சும்மா நின்றேன். கையை அசைத்து, "ஒரு வார்த்தை" என்று கேட்ட கிழவரை நினைத்துக்கொண்டேன். அவர் தலையைப் பார்க்க லட்சம் பேர் வந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்க ஒருத்தன் நின்றிருக்கலாம்.

கொலைக் கேஸ் படிக்கும் பழக்கத்தை நான் விட்டுவிடவில்லை, விடப்போவதுமில்லை. ஆனால் இப்போதெல்லாம் பெட்டி எங்கே கிடைத்தது, கத்தி எத்தனை அங்குலம் என்பதைத் தாண்டி, அந்த மனுஷன் கடைசியில் யாரிடம் என்ன கேட்டான் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுகிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. அப்படி இல்லாத நாளில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தெருவில் மணிச் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கிறேன்.