வாங்கி விற்றவர் ஆக்கி விற்ற வரலாறு

நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் போர்களையும் பற்றி விரிவாக எழுதுவர். தொழிற்சாலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுவர். ஆயினும், இக்காலத்தில் ஒரு நாட்டின் ஆற்றலை அளக்க விரும்புவோர், அந்நாடு எதை விற்கிறது என்பதோடு, விற்பதைத் தானே ஆக்குகிறதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இவ்வினாவின் ஆழத்தைக் காட்டுவது, சீன நாட்டின் ஹுவாவே என்னும் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனத்தின் வரலாறு.

ஹாங்காங்கை அடுத்துள்ள ஷென்சென் 1980-ஆம் ஆண்டில் சிறப்புப் பொருளாதார மண்டலமாக ஆக்கப்பட்டது. அயல்நாட்டு முதலுக்கு அங்கே கதவு திறந்தது. ஆசிரியர் குடும்பத்தில் பிறந்து, படையின் பொறியியற் பிரிவில் பணியாற்றி விலகிய ரென் ஜெங்ஃபெய், 1987-ஆம் ஆண்டில் 21,000 யுவான் முதலுடன் அந்நகரில் ஹுவாவேயைத் தொடங்கினார். அந்நாளில் நிறுவனம் எதையும் ஆக்கவில்லை. அலுவலகங்களிலும் விடுதிகளிலும் உள்ள தொலைபேசிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளை ஹாங்காங்கிலிருந்து தருவித்து விற்பதே அதன் தொழில்.

அப்போது சீனாவில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை. இருந்த தொலைபேசி நிலையங்களிலோ ஜப்பான், அமெரிக்கா, கனடா, சுவீடன், ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் கருவிகள் இடம்பெறலாயின. 'ஏழு நாடுகள், எட்டு முறைகள்' என்று சீனர் இந்நிலையைக் குறிப்பிட்டனர். ஒரு நாட்டுக் கருவி மற்றொரு நாட்டுக் கருவியோடு எளிதில் இணங்காது. பழுது பார்க்கவும் அயலாரையே நாட வேண்டும். அவர்கள் வைத்ததே விலை. தருவித்து விற்பவருக்கு வேறோர் இடரும் உண்டு. சரக்கு அனுப்புவோர் நிறுத்திவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஆதலின், தன் கருவியைத் தானே ஆக்க ஹுவாவே துணிந்தது. இளம் பொறியாளர்கள் பல்லாண்டுகள் உழைத்ததன் பயனாக, 1993-ஆம் ஆண்டில் அதன் பெரிய எண்முறை இணைப்புக் கருவி செஜியாங் மாகாணத்து யீவூ நகரில் பணிக்கு வந்தது.

செய்வது ஒன்று; விற்பது வேறொன்று. பெருநகரங்களில் அயல்நாட்டார் வேரூன்றியிருந்தனர். எனவே ஹுவாவே, அவர்கள் பொருட்படுத்தாத சிற்றூர்களுக்கும் மலைநாட்டு வட்டங்களுக்கும் சென்றது. நாட்டுப்புறத்தைக் கொண்டு நகரத்தைச் சூழ்தல் என்பது மாவோ வகுத்த போர்முறை. அதுவே இங்கு வாணிக முறையாயிற்று.

கடல் கடந்தபோதும் இம்முறையே கையாளப்பட்டது. 1996-இல் ஹாங்காங்கிலும், 1997-இல் ரஷ்யாவின் ஊஃபா நகரிலும் அது கால் வைத்தது. 1998-இல் ரஷ்யப் பொருளாதாரம் நிலைகுலைந்தபோதும் அது வெளியேறவில்லை. பின்னர் ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்குப் பரவிற்று. 1999-இல் நம் பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தது. மேலாண்மை முறைகளை அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்திடம் பொருள் கொடுத்துக் கற்றது. சீன வளர்ச்சி வங்கி 2004-இல் அளித்த பெருங்கடன் வசதியும் அதன் கருவிகளை வாங்குவோர்க்குத் துணைநின்றது.

மேலை ஐரோப்பாவில் மலிவு மட்டும் போதவில்லை. நெதர்லாந்தின் டெல்ஃபோர்ட் என்னும் சிறு நிறுவனத்துக்கு, அலைபேசிக் கருவிகளை வைக்கப் போதிய இடமில்லை. ஹுவாவே அக்கருவியை இரு கூறாக்கி, அலைகளை அனுப்பும் பகுதியை வெளியே கம்பத்தருகிலும், எஞ்சியதைச் சிறு பெட்டியிலும் வைக்கும் வழியைக் காட்டி 2004-இல் ஒப்பந்தம் பெற்றது. 2005-இல் அதன் வெளிநாட்டு ஒப்பந்தங்கள் உள்நாட்டு ஒப்பந்தங்களை விஞ்சின. 2012-இல், 1876-ஆம் ஆண்டில் தோன்றிய சுவீடனின் எரிக்சனை அது வருவாயில் முந்தியது.

இவ்வளர்ச்சியோடு ஐயமும் உடன் வளர்ந்தது. தன் மென்பொருளை நகலெடுத்ததாக அமெரிக்காவின் சிஸ்கோ 2003-இல் வழக்குத் தொடுத்தது. ஹுவாவே சில பொருள்களை மாற்றிக்கொள்ள, 2004-இல் வழக்கு முடிந்தது. அதனினும் பெரிய வினா ஒன்று பின்னர் எழுந்தது: ஒரு நாட்டின் பேச்செல்லாம் செல்லும் கருவியை எவரிடம் ஒப்படைப்பது? அரசின் உளவுப் பணிக்கு நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டுமென 2017-ஆம் ஆண்டுச் சீனச் சட்டம் விதிக்கிறது. தான் எவருக்காகவும் உளவு பார்த்ததில்லை என்று ஹுவாவே மறுத்து வருகிறது. எனினும், ஆஸ்திரேலியா 2018-இலும், பிரிட்டனும் சுவீடனும் 2020-இலும் ஐந்தாம் தலைமுறை வலையமைப்புகளில் அதற்கு இடமில்லை என முடிவு செய்தன. இந்திய அரசு 2021-இல் அத்தகைய சோதனைகளுக்கு அனுமதி வழங்கியபோதும் ஹுவாவே இடம்பெறவில்லை.

கடுமையான அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. 2019-இல் விதிக்கப்பட்ட தடை 2020-இல் மேலும் இறுகியது. ஹுவாவே நுண்சில்லுகளைத் தானே வடிவமைத்தது. ஆனால் அவற்றைத் தைவான் நாட்டு ஆலையே செய்து கொடுத்தது. அவ்வாலையோ அமெரிக்கப் பொறிகளையும் நம்பியிருந்தது. தடையால் அவ்வழி அடைபட்டது. 2020-இல் 89,140 கோடி யுவானாக இருந்த வருவாய், மறு ஆண்டில் 63,680 கோடியாகக் குறைந்தது. சரக்கு அனுப்புவோர் நிறுத்தினால் என் செய்வது என்று சிறு வணிகராய் அஞ்சிய நாளின் இடர், உலகப் பெருநிறுவனமான பின்னும் வேறு வடிவில் வந்து நின்றது.

நிறுவனம் ஆய்வைக் குறைக்கவில்லை. 2023-இல், சீனாவிலேயே செய்யப்பட்ட நுண்சில்லுடன் புதிய அலைபேசியை வெளியிட்டது. 2024-இல் வருவாய் 86,210 கோடி யுவானுக்கு மீண்டது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆய்வுக்கே செலவாயிற்று.

மாணவர்கள் இவ்வரலாற்றில் இரண்டு செய்திகளைக் காணலாம். தானே ஆக்குதல் என்பது ஒரு நாளில் முடிந்துவிடும் செயலன்று. ஒரு கருவியை ஆக்கியதும், அக்கருவியின் உள்ளுறுப்பை ஆக்குபவர் யார், அதற்கான பொறியை ஆக்குபவர் யார் என்ற வினாக்கள் எழுந்துகொண்டே இருக்கும். அடுத்தது, நல்ல கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுப்பவரும் வாங்குவோரின் நம்பிக்கையைத் தனியே ஈட்ட வேண்டியிருக்கிறது. அந்நம்பிக்கை ஒரு நிறுவனத்தின் ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. அது எந்நாட்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது என்பதையும் பொறுத்தது. முதற்குறையை உழைப்பால் பெரும்பாலும் வென்ற ஹுவாவே, இரண்டாவதை இன்னும் வென்றபாடில்லை.