ரூபாய்க்கு ஓரணா: பம்பாய் ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கணக்கு சொல்லும் வரலாறு

 

கடனில் சிக்கிய குடும்பங்களுக்கு இன்று அறிவுரைக்குப் பஞ்சமில்லை. வரவை எழுதுங்கள், செலவை எழுதுங்கள், வீண் செலவைக் குறையுங்கள், மிச்சத்தைக் கொண்டு கடனை அடையுங்கள் என்கிறார்கள். இவ்வறிவுரையில் பிழை ஏதுமில்லை. ஆயினும் இதன் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. கடன் என்பது கணக்குத் தெரியாமையின் விளைவு, ஆகவே கணக்கு எழுதினால் தீர்ந்துவிடும் என்பதே அவ்வெண்ணம். நூறாண்டுகளுக்கு முன் பம்பாய் நகரில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கு இதைச் சோதித்துப் பார்க்க உதவுகிறது.

1921ஆம் ஆண்டு பம்பாய் அரசு தொழிலாளர் அலுவலகம் ஒன்றை நிறுவியது. முதல் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் விலைவாசி கடுமையாக ஏறியிருந்தது. பருத்தி ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் அடுத்தடுத்து வெடித்தன. தொழிலாளர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை எண்களால் அறிய வேண்டிய கட்டாயம் அரசுக்கு ஏற்பட்டது. அலுவலகத்தின் இயக்குநரான ஜி. ஃபிண்ட்லே ஷிர்ராஸ் தலைமையில் 1921–22இல் 2,473 குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளும், தனித்து வாழ்ந்த 603 ஆண்களின் கணக்குகளும் திரட்டப்பட்டன. அறிக்கை 1923இல் வெளிவந்தது.

அதன்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 52 ரூபாய் 4 அணாவுக்குச் சற்றே மேல். செலவில் உணவு 56.8 விழுக்காடு, விறகும் விளக்கும் 7.4, துணிமணி 9.6, வீட்டு வாடகை 7.7, எஞ்சிய 18.5 விழுக்காடு 'பல்வகைச் செலவு'. குடும்பங்களில் 97 விழுக்காடு ஒற்றை அறையில் வாழ்ந்தன. 47 விழுக்காடு கடன்பட்டிருந்தன. கடனின் அளவு ஏறத்தாழ இரண்டரை மாத வருமானம். வழக்கமான வட்டி, மாதம் ரூபாய்க்கு ஓரணா.

ஓரணா என்றதும் அற்பமாகத் தோன்றுகிறது. பேச்சுவழக்கில் அவ்வாறு தோன்றுவதே அந்த வட்டிக்கு வசதியாக இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. எனவே மாதம் ஓரணா என்றால் ஆண்டுக்கு 75 விழுக்காடு. பதினாறு மாதங்களில் வட்டியே அசலுக்குச் சமமாகிவிடும்.

இனி அறிக்கையின் எண்களைக் கொண்டே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரிகளை இணைத்துப் போடும் கணக்கு இது. எந்த ஒரு குடும்பத்தின் உண்மைக் கணக்கும் அன்று. ஆயினும் நிலைமையின் அளவை உணர்த்தும்.

இரண்டரை மாத வருமானம் என்றால் கடன் ஏறத்தாழ 130 ரூபாய். அதற்கு மாத வட்டி 130 அணா, அதாவது 8 ரூபாய் 2 அணா. அதே குடும்பத்தின் வீட்டு வாடகையோ சுமார் 4 ரூபாய்தான். நகரில் தலைசாய்க்க ஓர் அறைக்குக் கொடுத்த பணத்தைப் போல் இரு மடங்கு வட்டிக்குப் போக வேண்டியிருந்தது. பல்வகைச் செலவு என்ற தலைப்பில் இருந்தது மாதம் ஒன்பதரை ரூபாய் சொச்சம். மருந்து, நாவிதர் கூலி, வெற்றிலை பாக்கு, பயணம் யாவும் அதற்குள் அடக்கம். வட்டியை ஒழுங்காகக் கட்டினால் அவற்றுக்கெல்லாம் மிஞ்சுவது ஒன்றரை ரூபாய்.

மாதம் 8 ரூபாய் கட்டும் குடும்பம் கடனிலிருந்து ஒருநாளும் மீளாது. கட்டக் கட்டக் கடன் சிறிது சிறிதாக வளரும். 9 ரூபாய் கட்டினால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 10 ரூபாய் கட்டினால் 28 மாதங்களில் தீரும். ஆனால் 130 ரூபாய்க் கடனுக்கு 275 ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பார்கள். மீள்வதற்கும் மீளாமைக்கும் இடையே நின்றது மாதம் ஒரு ரூபாய். அந்த வகையில் சிக்கனம் பேசுவோர் சொல்வது மெய்யே. ஒரு ரூபாயை மிச்சப்படுத்துவது பெரிய காரியம்தான்.

அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. வாடகையைக் குறைக்க வழியில்லை. ஒற்றை அறைக்குக் கீழே இறங்க இடமில்லை. துணிக்கு மாதம் 5 ரூபாய், முழுக் குடும்பத்துக்கும். மிஞ்சுவது உணவு. அந்த உணவைப் பற்றி அதே அறிக்கை சொன்ன செய்தி அக்காலத்தில் பலரையும் திடுக்கிட வைத்தது. பஞ்ச நிவாரண விதிகள் அனுமதித்த உச்ச அளவுக்குத்தான் தொழிலாளர் தானியம் உண்டனர்; பம்பாய்ச் சிறைக் கையேடு கைதிகளுக்கு விதித்திருந்த உணவைவிட அது குறைவு. ஆலையில் நாள் முழுதும் உழைத்தவரின் தட்டு கைதியின் தட்டைவிடச் சிறியதாக இருந்தது. அதிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தால் அது யாருடைய பங்காக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிட்டவர் யார் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

கல்யாணச் செலவை விட்டுவிட்டீர்களே என்று சிலர் கேட்கலாம். அக்காலத்து அதிகாரிகளும் இதையே கேட்டனர். திருமணம், ஈமச்சடங்கு, பண்டிகை ஆகியவற்றுக்காக வாங்கிய கடன் அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறுகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்பே இதே மாகாணத்தில் இதற்கு ஒரு விடை கிடைத்திருந்தது. 1875 மே 12ஆம் நாள் புணே மாவட்டத்துச் சூபாவில் உழவர்கள் வட்டிக்காரர்களின் கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் பறித்துத் தீயிட்டனர். கலகம் சுற்றுப்புற ஊர்களுக்கும் பரவியது. அதை ஆராய்ந்த தக்காணக் கலவர ஆணையம், கடனுக்குக் காரணமாகத் திருமணச் செலவுக்கு அளவு மீறிய முக்கியத்துவம் தரப்பட்டுவிட்டது என்று முடிவு கூறியது. செலவுப் பக்கத்தில் அது ஒரு கணிசமான இனம். ஆனால் கடன் முளைவிடும் வித்தாக அது அமைவது அரிது என்பதே அதன் கணிப்பு. அரசே அமைத்த ஆணையம் சொன்னதை அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அரசு அதிகாரிகள் பலரும் மறந்துபோனார்கள்.

பம்பாயில் கடனின் வித்து எது? பெரும் பகுதி, சம்பள நாளில் இருந்தது. ஆலைகளில் ஒரு மாத ஊதியம் அடுத்த மாதத்தின் நடுப்பகுதியை ஒட்டித்தான் வழங்கப்பட்டது. இரத்தினகிரியிலிருந்தோ சாத்தாராவிலிருந்தோ வந்து முதல் தேதி வேலைக்குச் சேர்ந்த ஒருவர், முதல் கூலியைக் காண ஏறத்தாழ ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை உண்ண வேண்டுமே! மளிகைக் கடையில் பற்று. வேலை பிடித்துத் தந்த ஜாபரிடம் கைமாற்று. வேலைக்கே அவருக்குக் காணிக்கை. முதற் சம்பளம் கைக்கு வருமுன்பே அது செலவாகிவிட்டிருந்தது. ஆடம்பரம் எதுவும் செய்யாத மனிதரும் கடனாளியாகவே நகர வாழ்வைத் தொடங்கினார். உழைப்பை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஆறு வாரம் கழித்துக் கூலி தந்த ஆலைதான், சரியாகப் பார்த்தால், தொழிலாளியிடம் வட்டியில்லாக் கடன் பெற்றது. அதற்கான வட்டியைத் தொழிலாளி வேறோரிடத்தில் ஓரணாவாகக் கட்டினார்.

திருமணச் செலவையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். வேலை போனால், நோய் வந்தால், வேலைநிறுத்தம் நீண்டால், தாங்கிப் பிடித்தவை ஊரிலிருந்த நிலத்துண்டும் உறவும்தாம். 1928இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தபோது பெருந்திரளானோர் ஊர் திரும்பியே காலம் தள்ளினர். காப்பீடோ ஓய்வூதியமோ இல்லாத காலத்தில் உறவைப் பேணும் செலவை வீண் செலவு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.

இக்கணக்குகளை வீட்டில் உண்மையில் நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அறிக்கையின் அட்டவணையில் அவர்களுடைய உழைப்பின் ஒரு பகுதியே வருமானமாகப் பதிவாயிற்று. ஆலையில் நூல் சுற்றும் பிரிவுகளில் வேலை செய்தது அட்டவணையில் உண்டு. மளிகைக்காரரிடம் தவணை கேட்டது, தாலியை அடகு வைத்து மீட்டது, அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து 'பிஷி' என்று மராத்தியில் வழங்கும் சீட்டுப் போட்டது ஆகியவற்றுக்கு அட்டவணையில் இடமில்லை.

அவர்களுள் 'கானாவள்' நடத்திய பெண்களைத் தனியே குறிப்பிட வேண்டும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்குத் தம் ஒற்றை அறையிலேயே சமைத்து, மாதக் கணக்கில் சோறு போட்டவர்கள் இவர்கள். உண்பவர் பணம் தருவது சம்பளம் வந்த பிறகு. அரிசியும் பருப்பும் வாங்க வேண்டியதோ இன்றைக்கு. ஆலை நிர்வாகம் தள்ளிப்போட்ட சம்பள நாளின் சுமை, தொழிலாளி வழியாக இறங்கி, இறுதியில் அடுப்படியில் நின்ற பெண்ணின் தலையில் வந்து அமர்ந்தது. அவர் கடன் வாங்கித்தான் ஆலைத் தொழிலாளிக்குச் சோறிட்டார்.

1931இல் வெளிவந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையத்தின் அறிக்கை நிலைமையை இன்னும் கடுமையாகக் கண்டது. ஜே. எச். விட்லி தலைமையிலான அந்த ஆணையம், பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடன்பட்டிருப்பதாகவும், பெரும்பாலோரின் கடன் மூன்று மாதக் கூலியை விஞ்சுவதாகவும் மதிப்பிட்டது. சிக்கனம் போதித்ததோடு அது நின்றுவிடவில்லை. கூலியைக் குறுகிய இடைவெளியில் தர வேண்டும், கடனுக்காகக் கூலியை நீதிமன்றம் பற்றுகை செய்யலாகாது, ஆலை வாசலில் வட்டிக்காரர் காத்து நின்று வழிமறிப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடங்களில் ஏழாம் நாளுக்குள்ளும், மற்ற இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என்று விதித்தது. மறு ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, சம்பளத்தின் முதல் நூறு ரூபாய்க்குப் பற்றுகையிலிருந்து விலக்கு கிடைத்தது. இன்று நாம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் எதிர்பார்ப்பதற்குப் பின்னால் இக்கடன் கதை இருக்கிறது.

கானாவள் பெண்களின் முறை வருவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1969இல் பெரிய வங்கிகள் நாட்டுடைமையான பின், 1975இல் பிரேமா புரவ் முன்னின்று 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்ற அமைப்பை உருவாக்கினார். தனியே போனால் வங்கி வாசலில் மதிக்கப்படாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தம் பெயரிலேயே வங்கிக் கடன் பெற்றனர். இப்பெண்களுக்குக் கணக்கு முன்பே தெரியும். எத்தனை பேருக்கு எத்தனை பாக்கி என்பதை எழுதாமலே நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள். இல்லாதிருந்தது நியாயமான வட்டி ஒன்றுதான்.

நாம் போட்ட கணக்கை வட்டியை மட்டும் மாற்றி மீண்டும் போடுவோம். அதே 130 ரூபாய், அதே மாதம் 10 ரூபாய், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. 28 மாதத்துக்குப் பதில் 14 மாதத்தில் கடன் தீர்கிறது. கொடுத்த மொத்தம் 140 ரூபாய். குடும்பத்தின் கட்டுப்பாட்டில் மாற்றமே இல்லை, ஆனால் கடனின் ஆயுள் பாதியாகிவிட்டது.

இந்த வெற்றியையும் மிகைப்படுத்தலாகாது. 1982 ஜனவரி 18இல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் பங்கேற்றனர்; பல்லாயிரம் பேர் வேலைக்குத் திரும்பவே இல்லை. உண்ண வந்தவரிடம் கூலி இல்லையென்றால் சோறிட்டவரின் கணக்கும் சரிந்துதானே போகும்? வருமானமே நின்றுபோன வீட்டை எந்தப் பட்ஜெட்டும் காப்பாற்றியதில்லை.

ஆகவே, வீட்டுக் கணக்கு எழுதுங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் காபிச் செலவையும் சினிமாச் செலவையும் எழுதுமுன், முதல் வரியில் வட்டியை எழுதுங்கள். மாதத்துக்கு இத்தனை என்றல்ல, ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். 'நாளுக்கு நூறுதான்', 'வாரத்துக்கு ஐந்நூறுதான்' என்ற பேச்செல்லாம் ஓரணாவின் வாரிசுகளே. அடுத்த வரியில் சம்பளம் வரும் நாளையும் தவணை கட்டும் நாளையும் எழுதுங்கள். மூன்றாவதாக, குறைக்கப்படும் செலவு வீட்டில் யாருடைய பங்கு என்பதை எழுதுங்கள். 1923 அறிக்கையின் அட்டவணையில் இந்த மூன்றாவது வரி இல்லை. நம் வீட்டுக் கணக்கிலாவது அது இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பழைய கணக்கு நோட்டுகள் பரணில் கிடந்தால் பழைய காகிதமென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவையும் வரலாற்று ஆவணங்களே.