முஸாபிரா? முகீமா?

சென்ற ரமளானில் அறந்தாங்கிக்குக் கிழக்கே கடலோரத்து ஊரொன்றில் தராவீஹ் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். முதியவர் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு ஒரு மஸ்அலா கேட்டார். “ஹஜ்ரத், மகன் விஸிட்டுல மலேசியா போயி மூணு வருசமாச்சு. இன்னும் கஸ்ருதான் தொழுவுறானாம். கூடுமா?”

விடையை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆயினும் அவ்வினாவுக்குப் பின்னால் நம் ஊர்களின் நூறாண்டு வரலாறு கிடக்கிறது. அதை அறிந்த பின்னரே விடையின் முழுப் பொருளும் விளங்கும்.

முன்னோர் சென்ற வழி

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரியில் உருவானது. அதற்கு முன் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை இருந்ததில்லை. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய கரையூர்கள் தஞ்சை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதியைச் சேர்ந்திருந்தன. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை. அதற்கும் அப்பால் பர்மாவும் பினாங்கும் சிங்கப்பூரும்.

நம்மவர் இவ்வூர்களுக்குச் சென்றது நேற்றுத் தொடங்கியதன்று. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. சிங்கப்பூரின் சூலியா பள்ளி 1826ஆம் ஆண்டினது. இரண்டும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியவை. தொழ ஓர் இடம் கட்டிக்கொண்டவர்கள் அங்கே நிலைத்து வாழ எண்ணியவர்களே என்பதில் ஐயமில்லை. எனினும் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கடையில் உழைத்து, சில மாதங்கள் வீட்டில் தங்கி, மீண்டும் கப்பலேறினர். அவர்களுக்குச் ‘சபுராளி’ என்பது ஊர் வழங்கிய பெயர். ‘ஸபர்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த அழகிய தமிழ்ச் சொல் அது. ஆயுளில் பாதியை ஓரிடத்தில் கழித்தவனையும் ஊர் பயணியென்றே அழைத்தது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், ரயிலில் தனுஷ்கோடி சென்று கப்பலேறித் தலைமன்னார் வழியாகக் கொழும்பு சேர்வது எளிதாயிற்று. 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ‘ரஜூலா’ கப்பல் நம்மவரை மலாயாவுக்கு ஏற்றிச் சென்றது. இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா யாவும் ஒரே பேரரசின் கீழ் இருந்தமையால், ‘எத்தனை நாள் தங்குவாய்?’ என்று வணிகனை வழிமறித்துக் கேட்பாரில்லை.

கோடு விழுந்த காலம்

1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942 போரில் அங்கிருந்தோர் பட்ட அல்லல் பலரும் அறிந்ததே. 1964இல் கடைகள் அரசுடைமையானதும், பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தோர் வெறுங்கையோடு கப்பலேறினர்.

இலங்கை 1948இல் விடுதலை பெற்றது. அவ்வாண்டே அங்கு குடியுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் பிறந்தன. பின்னது 1949 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குடிக்கணக்கில் ‘இந்தியச் சோனகர்’ என்று தனியே எண்ணப்பட்டு வந்த நம்மவர், அன்று முதல் கடவுச்சீட்டும் அனுமதியும் காட்டவேண்டியவராயினர். கடையில் நிற்போருக்குத் தற்காலிக வதிவிட அனுமதி என்றொரு சீட்டு, பார்க்க வருவோருக்கு வேறொரு சீட்டு. சீட்டின்றித் தோணியேறியவர்களைப் பிடிக்க 1952இல் இலங்கைப் படை கரையில் நிறுத்தப்பட்டது. ‘கள்ளத்தோணி’ என்னும் வசைச்சொல் ஒரு சமூகத்தின் மீதே ஒட்டிக்கொண்டது. முறைப்படி சென்றவனும் அச்சொல்லைக் கேட்டுத் தலைகுனிய நேர்ந்தது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் புதிதாக ஒருவர் சென்று நிலையாகத் தங்குவது அரிதாயிற்று. 1969 கலவரத்துக்குப் பின், மலேசியாவில் குடியுரிமையற்றோர் வேலை செய்யத் தனி அனுமதி பெறவேண்டும் என்பது கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த முதியவர் பலர் அப்போதுதான் தம்மை அயலாரென்று உணர்ந்தனர்.

‘விஸிட்’ என்னும் வாசல்

பெருவாசல் அடைபட்டது, பழகிய கால் மட்டும் நிற்கவில்லை. சுற்றிப் பார்க்க வருவோருக்கென்று திறந்து வைத்த சிறுவாசல் வழியே இளைஞர் நுழைந்தனர். உறவினர் கடையில் வேலை. கையிலோ சுற்றுலாச் சீட்டு. தவணை முடியுமுன் வடக்கே தாய்லாந்து எல்லையைக் கடந்து, ஹாட்யாய் நகரில் ஓரிரவு தங்கி, புதிய முத்திரையோடு திரும்புவது ஒரு வழக்கமாயிற்று. அதுவும் இயலாதபோது தவணை கடந்தும் தங்கினர்.

1970களில் எண்ணெய் நாடுகள் செழித்தபின் இதே கதை அங்கும் நிகழ்ந்தது. உம்ராவுக்கென்று சென்று ஊர் திரும்பாதவரும், துபாய்க்கு ‘விஸிட்’ சென்று வேலை தேடியவரும் நம் ஊர்களில் பலர்.

இதன் விலை என்ன? மலேசியச் சட்டப்படி, தவணை கடந்து தங்கியவருக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளிக்குக் காப்பீடு உண்டு. சுற்றுலாச் சீட்டில் செல்பவனுக்கு அது இல்லை. கூலி தராத முதலாளி மீது வழக்கிட அவனுக்கு வாயில்லை. நோயுற்றால் மருத்துவமனை செல்ல அச்சம். தந்தை மவுத்தானாலும் ஜனாஸாவுக்கு வர வழியில்லை.

ஆகவே அரசுகளே அவ்வப்போது பொதுமன்னிப்பு வழங்குகின்றன. அமீரகம் 1996, 2007, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் வழங்கியது. சவூதி அரேபியா 2013இல் வழங்கியது. மலேசியா 2019இல் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை, 700 வெள்ளி செலுத்தி ஊர் திரும்ப வழிவிட்டது. 2023 டிசம்பர் முதல் இந்தியர் விசா இன்றியே முப்பது நாள் தங்க மலேசியா இசைந்துள்ளது. வாசல் அகலமாகத் திறந்ததைக் கண்டு, அது வேலைக்கான வாசல் என்று எண்ணிவிடலாகாது.

பிக்ஹு நூல்கள் காட்டும் வழி

‘பயணி யார், தங்குபவன் யார்?’ என்னும் இவ்வினாவை நம் இமாம்கள் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். மக்காவை விட்டு ஹிஜ்ரத் செய்தவர்கள் ஹஜ்ஜின் கிரியைகள் முடிந்தபின் அங்கே மூன்று நாள் தங்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். மூன்று நாள் தங்குதல் பயணத்தோடு சேரும். நான்கு முழுநாள் தங்க நிய்யத் செய்தவன் முகீம் ஆவான் என்று ஷாபிஈ மத்ஹபினர் இதிலிருந்து சட்டம் எடுத்தனர். இன்று முடியும், நாளை முடியும் என்று ஒரு காரியத்தை எதிர்நோக்கி நிற்பவன் பதினெட்டு நாள் வரை கஸ்ரு செய்யலாம். ஹனபி மத்ஹபில் எல்லை பதினைந்து நாள். நிய்யத்தே இன்றி நாளை நாளையென்று நிற்பவனுக்கு எல்லை கிடையாது. இப்னு உமர் (ரலி) அவர்கள் பனியால் வழி அடைபட்டு அஸர்பைஜானில் ஆறு மாதம் கஸ்ரு தொழுததாக ஓர் அறிவிப்பு உண்டு. நம் மாவட்டத்தில் கரையோரத்தார் பெரும்பாலும் ஷாபிஈகள். உள்நாட்டு இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபிகள். எந்த மத்ஹபாயினும், மூன்றாண்டு தங்கி உழைக்கும் எண்ணத்தோடு கடையில் நிற்பவன் முஸாபிர் அல்லன். முகீம் என்னும் அச்சொல்லின் வேரிலிருந்தே சவூதியில் வதிவிட அட்டைக்கு ‘இகாமா’ என்னும் பெயரும் வந்தது.

பிக்ஹு நூல்களில் ‘அமான்’ என்றொரு பாடமுண்டு. அயலானுக்கு ஒரு நாடு அளிக்கும் அபயம் அது. அமானில் நுழைவோனை ‘முஸ்தஃமின்’ என்பர். அவனுக்கும் தவணை உண்டு; ஹனபிகளிடம் ஓராண்டு முழுமையாகத் தங்கிவிட்டால் அவன் விருந்தாளி நிலை நீங்கி அந்நாட்டுக் குடியாவான். அவ்வாறே அமான் பெற்றுப் பிறநாடு செல்லும் முஸ்லிம், அங்குள்ளோருக்குத் துரோகம் செய்வது ஹராம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடில்லை. இன்றைய விசா அமானேயன்றி வேறன்று. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே பணிக்கிறது. கையெழுத்திட்ட நிபந்தனையும் ஓர் ஒப்பந்தமே.

அப்பெரியவரிடம் நான் சொன்னது இதுதான். “மகன் இனி முழுத் தொழுகை தொழட்டும். கஸ்ரு செய்த தொழுகைகளைக் கணக்கிட்டுக் களா செய்யட்டும். மன்னிப்புத் தவணை வரும்போது தாமதியாமல் ஊர் வரட்டும். பிறகு வேலைச் சீட்டோடு போகட்டும்.” அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “வந்தா மறுபடி போக விடுவாங்களா ஹஜ்ரத்?” என்றார்.

அதற்கு என்னிடம் மஸ்அலா இல்லை. ஆனால் ஊருக்குக் கடமை உண்டு. ஜமாஅத்தார் ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம் கூட்டுகின்றனர். கடவுச்சீட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் படித்துச் சொல்லப் பள்ளிவாசல் திண்ணையில் ஒருவரை அமர்த்தலாம். தரகரிடம் கடன்படும் இளைஞனுக்குப் பைத்துல்மாலிலிருந்து கைமாற்று வழங்கலாம். இவற்றைச் செய்தால் நம் சபுராளிகள் தலைநிமிர்ந்து சென்று, தலைநிமிர்ந்து திரும்புவர், இன்ஷா அல்லாஹ்.